மனைநூற் கல்விக்குத் தமிழ் ஆகாதா?

கட்டடக்கலைப் பட்டப் படிப்பில் சேர விழையும் மாணவர்க்கென இந்தியக் கட்டடக்கலை மன்றம் 2006-ஆம் ஆண்டு முதல் ஒரு திறனறி தேர்வை நடத்தி வருகின்றது. 'நாட்டா' என்பது அதன் சுருக்கப் பெயர். 2024-இல் வகுக்கப்பட்ட முறைப்படி அத்தேர்வின் 200 மதிப்பெண்களுள் 80 வரைதலுக்கும் வடிவமைத்தலுக்கும் உரியன. எஞ்சிய 120 கணினி வழியே கேட்கப்பெறும் வினாக்களுக்கு உரியன. வரைதலுக்கு மொழி வேண்டா. கோடு எந்நாட்டிலும் கோடே. வட்டம் எம்மொழியிலும் வட்டமே. அந்த 120-க்கு உரிய வினாக்களைத்தான் மொழியில் கேட்டாக வேண்டும். அவை ஆங்கிலத்தில் கேட்கப்படுகின்றன, இந்தியிலும் கேட்கப்படுகின்றன. தமிழில் கேட்கப்படுவதில்லை.

கணக்கும் இயற்பியலும் தமிழில் கற்று, மேனிலைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறிய ஒரு மாணவன், வெளியுருவத்தை மனத்துள் சுழற்றிப் பார்க்கும் ஆற்றல் தனக்கு உண்டா இல்லையா என்பதை அயன்மொழியில் மெய்ப்பித்துக் காட்ட வேண்டுமாம். ஆராயப்படுவது அவனுடைய கண்ணா, கையா, மனமா, அன்றி ஆங்கிலமா? பொறியியலுக்கான கூட்டு நுழைவுத் தேர்வு 2021 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடைபெற்று வருகின்றது. அங்கே இயன்றது இங்கே ஏன் இயலவில்லை என்னும் எளிய வினாவைத் தமிழ்நாட்டரசு உரியவரிடம் உரத்த குரலிற் கேட்டிருக்க வேண்டும். 2006-இல் சட்டம் இயற்றித் தொழிற்கல்விகளுக்கான நுழைவுத் தேர்வுகளை நீக்கிய அரசு இது. 2021-இல் மற்றொரு சட்டம் இயற்றி, அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்வி இடங்களில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கிய அரசும் இது. பந்தியில் இலை போட்டு வைத்துவிட்டு வாயிற்கதவைப் பிறர் பூட்டிச் செல்ல விடுவது என்ன விருந்தோம்பல்?

மதுரையில் வையையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையத்தை எடுத்துக் கொள்வோர் இச்செய்தியின் கொடுமையை இன்னும் தெளிவாகக் காண்பர். 'கோர்' என்பது கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல், பாளையம் தமிழ். அங்குள்ள அடக்கவிடத்தின் பெருங் குவிமாடம் அழகர்மலைக் கல்லால் ஆயது என்பது ஊரார் வழங்கும் செய்தி. அதனின்று சிறிது தொலைவில், 1881-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கன் கல்லூரி. அதன் செங்கற் கட்டடத்தை வரைந்தவர் மைசூர் அரண்மனையை வரைந்த என்றி இர்வின். தெற்கே, 1889-இல் முடிந்த ஆல்பர்ட்டு விக்டர் பாலத்தின் வளைவுகள் ஆற்று மணலில் காலூன்றி நிற்கின்றன. கிழக்கே நடந்தால் அரசி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை. ஆற்றைக் கடந்தால் பாண்டியர் தொட்டு நாயக்கர் வரை எழுப்பிய கோவிலும் கோபுரங்களும், 1636-ஐ ஒட்டி எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனையும். கட்டடக்கலைக் கல்லூரி ஒன்று தன் மாணவரை ஐந்தாண்டுகள் அழைத்துச் சென்று காட்ட வேண்டிய பாடங்கள் அனைத்தும் ஓரிரு கல் தொலைவுக்குள் கிடக்கின்றன. அந்தத் தெருக்களில் பிறந்து வளர்ந்து, தந்தையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சாரத்தின் மீதேறிச் செங்கல் எடுத்துக் கொடுத்த கொத்தனார் மகனுக்கு, அக்கலையைக் கற்கும் வாயில் மட்டும் அடைபட்டுக் கிடக்கின்றது. அவனுடைய கை பழகியது; கண் பழகியது. நாவும் பழகியதே, ஆனால் அது பழகிய மொழியைத் தேர்வுக்கூடம் அறியாது.

வாயிலைத் தாண்டியவர்க்கும் வழி எளிதன்று. கட்டடக்கலைப் பட்டம் ஐந்தாண்டுப் படிப்பு. பத்து அரையாண்டுகளுள் ஒன்று தொழிலிடப் பயிற்சிக்குச் செல்லும்; இறுதியில் ஓர் ஆய்வுத் திட்டத்தை வரைந்தும் உருவமைத்தும் எழுதியும் நடுவர் முன் வாய்மொழியாக நிறுவ வேண்டும். மற்றைப் படிப்புகளில் நூலை மனப்பாடம் செய்து தப்பிவிடலாம். இங்கே அஃது இயலாது. ஒரு வீட்டின் வாயிலை ஏன் கிழக்கே வைத்தாய், முற்றத்தை ஏன் சுருக்கினாய், இச்சுவருக்கு ஏன் இத்துணைக் கனம் என்று ஆசிரியர் கேட்கக் கேட்க மாணவன் விடை சொல்லியாக வேண்டும். கரணியம் காட்டிப் பேசுவதே இக்கல்வியின் உயிர். தான் எண்ணுவதைத் தன் மொழியிற் சொல்லவிடாமல் தடுத்துவிட்டு, 'இவனுக்குச் சிந்தனை போதாது' என்று மதிப்பெண் குறைக்கும் கொடுமை ஒவ்வோர் ஆண்டும் நடக்கின்றது. நன்கு வரையும் பிள்ளைகள் நடுவர் முன் ஊமையராய் நிற்கின்றனர். வரையத் தெரியாதார் சிலர் ஆங்கிலச் சொல்லடுக்கால் கரையேறி விடுகின்றனர். இக்கல்வியில் உள்ள ஆசிரியர்களையே தனியே கேட்டுப் பார்த்தால் இதனை மறுக்கமாட்டார்கள்.

தமிழில் இக்கலையைப் பேச முடியாது என்பார்க்குப் பழந்தமிழ் நூல்களே போதிய விடை தரும். நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டியன் அரண்மனையின் அமைப்பைக் காட்டுமிடத்து, அடிக்கல் நாட்டுதற்கு முன் நிகழும் வேலையையும் காட்டுகின்றார். சித்திரைத் திங்களில் உச்சிப் பொழுதில் நட்ட கோலின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையைத் தேர்ந்து, கயிறிட்டுத் திசைகளைக் குறித்து, அதன்பின் மனையை வகுத்தார்கள் என்பது அங்குள்ள செய்தி. மதுரையில் ஞாயிறு தலைக்கு நேரே வரும் நாள்கள் சித்திரைத் திங்களில் அமைவதை இன்றைய வானநூலாரும் ஒப்புவர். கயிறு பிடித்தவர்களைக் கூலியாட்கள் என்று புலவர் கூறவில்லை. நூல் கற்ற அறிஞர் என்கின்றார். அந்நூல் எம்மொழியில் இருந்தது என்பதைத் தமிழ்ப் பகைவரே சொல்லட்டும்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இன்னும் நுட்பமானது. மலையில் வளர்ந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ளதாகப் பார்த்து வெட்டி, இருபத்துநான்கு பெருவிரல் அளவு கொண்ட கோலாக நறுக்கி, அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உள்ள அரங்கம் அமைத்தனர். மேடைக்கும் மேலே நிறுவிய உத்தரப் பலகைக்கும் இடையே நான்கு கோல் இடைவெளி விட்டனர். புகவும் வெளியேறவும் இரண்டு வாயில் வைத்தனர். தூண்களின் நிழல் ஆடுவோர்மீதும் காண்போர்மீதும் விழாதவாறு விளக்குகளை நிறுத்தினர். அளவைக் கோல், அகலம், நீளம், உயரம், போக்குவரத்து, ஒளியமைப்பு — இன்றைய கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்குச் சொல்லித்தரும் ஒழுங்கு முழுதும் இங்கே தமிழில் உள்ளது. பரிபாடலார் மதுரையைத் தாமரைப் பூவோடும், தெருக்களை இதழ்களோடும், கோவிலை நடுப்பொகுட்டோடும் ஒப்பிட்டதை நகரமைப்புக் கல்வியார் இன்றும் சதுரத்துள் சதுரமாகச் செல்லும் ஆடி, சித்திரை, ஆவணிமூல, மாசித் தெருக்களில் நடந்து சரிபார்த்துக் கொள்ளலாம். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2014-15 முதல் நடந்துவரும் அகழாய்வில் செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டமையும், அவற்றோடு தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தமையும் அனைவரும் அறிந்தவை. கட்டத் தெரிந்தவனும் எழுதத் தெரிந்தவனும் ஒரே மண்ணில் ஒரே மொழியில் வாழ்ந்திருக்கின்றனர்.

அவ்விருவரும் பிரிந்தது எப்போது? பிரிவு நெடுங்காலத்தது, ஆயினும் அதற்கு அரசு முத்திரையிட்ட ஆண்டு ஒன்றைச் சுட்டலாம். 1957-இல் சென்னைக் கிண்டியில் கட்டடக்கலைத் துறை தொடங்கப்பட்டது; அதுவே பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாயிற்று. அதே 1957-இல் மாமல்லபுரத்தில் கட்டடச் சிற்பக்கலைப் பயிற்சி நடுவம் தொடங்கப்பட்டு, பின்னர் அரசு கல்லூரியாக வளர்ந்தது. ஓர் அரசு, ஓர் ஆண்டு, இரண்டு நிலையங்கள். ஒன்றில் ஆங்கிலமும் மேலைநாட்டு வரலாறும். மற்றொன்றில் உளியும் கோலும் மரபு நூலும். ஒன்றில் கற்றவர் அலுவலக மேசையில் அமர்ந்தார். மற்றொன்றில் கற்றவர் கோவிற் பணிக்குச் சென்றார். இரண்டையும் ஒரு கூரையின்கீழ் இணைத்திருந்தால் இன்றைய நிலையே வேறாயிருக்கும்.

மாமல்லபுரக் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய பெருந்தச்சர் வை. கணபதியார், பிள்ளையார்பட்டிக் கற்றச்சர் குடியில் 1927-இல் பிறந்து, தம் தந்தையாரிடம் தொழில் கற்றவர். கன்னியாகுமரிக் கடலில் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை அவர் வகுத்தது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்கு ஈடாக 38 அடிப் பீடம். அதன்மேல் 95 அடிச் சிலை. ஆக 133 அடி. கல்லின்மேல் கல்லாக அடுக்கிய அவ்வுருவம் 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் தாங்கி நின்றது. 'சிற்பச் செந்நூல்' என்னும் பெயரில் தொழில்நுட்ப நூல் ஒன்றையும் அவர் தமிழில் எழுதினார். மயன் தமிழனே என்பது அவருடைய உறுதியான கொள்கை. அக்கொள்கையை ஆய்ந்து முடிவு கூறுவது வரலாற்றறிஞர் கடன். ஆனால் அளவும் எடையும் இணைப்பும் பற்றித் தமிழில் எண்ணி, தமிழில் எழுதி, தமிழில் ஏவி, 133 அடிக் கற்சிலையைக் கடல் நடுவே நிறுத்த முடியும் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. குமரிமுனைக்குச் சென்று தலையை நிமிர்த்தினால் போதும்.

1972-ஆம் ஆண்டுக் கட்டடக்கலைஞர் சட்டம் பற்றியும் தமிழர் அறிந்திருக்க வேண்டும். அச்சட்டத்தின் அட்டவணையில் ஏற்கப்பட்ட தகுதி பெற்று, மன்றத்தில் பதிவு செய்தவரே 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பெயரைச் சூட்டிக்கொள்ளலாம். பிறர் சூட்டிக்கொண்டால் 37-ஆம் பிரிவின்படி தண்டத்துக்கு உரியவர். 2020 மார்ச்சுத் திங்களில் உச்ச முறைமன்றம் ஒரு வழக்கில் இப்பிரிவுக்கு விளக்கம் தந்தது: சட்டம் காப்பது பெயரை, தொழிலை அன்று. ஆக, கட்டடம் வரையும் தொழிலைப் பிறரும் செய்யலாம். அந்த ஆங்கிலப் பெயர் மட்டும் பதிவு பெற்றவர்க்கு உரியது. அப்பெயர் இருந்தால்தான் மதிப்பும் ஊதியமும் அரசுப் பதவியும் என்று உலகம் ஆகிவிட்டபோது, அப்பெயருக்குச் செல்லும் பாதை முழுதையும் ஆங்கிலத்தால் பாவியிருப்பதன் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலும் ஒரு சிக்கல். 2021 முதல் அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறியியல் கற்பிக்க இசைவளித்து, பாடநூல்களையும் மொழிபெயர்த்து வருகின்றது. கட்டடக்கலை மாணவர்க்கு அதனால் பயன் இல்லை. என்னை? கட்டடக்கலைக் கல்வி அக்குழுவின் ஆட்சிக்கு உட்பட்டதன்று, கட்டடக்கலை மன்றத்துக்கே உரியது என்று 2019 நவம்பரில் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பொறியியலுக்குத் திறந்த சன்னல் இங்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010 முதல் உள்ளது. கட்டடக்கலைப் பட்டத்தைத் தமிழில் கற்பிக்கும் கல்லூரி ஒன்றேனும் இல்லாதபோது, அரசின் கட்டடக்கலைப் பதவிகளைப் பொறுத்தவரை அந்த 20 விழுக்காடு ஏட்டுச் சுரைக்காய். சட்டம் இயற்றியவர்கள் இதனை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனிக் கட்டடம் எழும் இடத்துக்கு வருதல் வேண்டும். வரைபடத்தில் எழுதியிருப்பவை அனைத்தும் ஆங்கிலம். அதைப் படித்துச் சொல்பவர் மேற்பார்வையாளர். கேட்டுச் செய்பவர் கொத்தனார். அவருக்குக் கீழே நிமிந்தாளும் சித்தாளும். வரைந்தவரின் எண்ணம் இவ்வாறு மூன்று கைமாறிச் சுவராகின்றது. ஒவ்வொரு மாற்றத்திலும் சிறிது சிதைகின்றது. வாயில் இருக்க வேண்டிய இடத்தில் தூண் எழும்பிப் பின் இடித்த கதைகள் ஊர்தோறும் உண்டு. பொறுப்பு எப்போதும் கொத்தனார் தலையில்தான் விழும்.

கொத்தனாரின் மொழி வறியதா? கடைகால், தாய்ச்சுவர், நிலை, படி, உத்தரம், விட்டம், கைமரம், வரிச்சு, கொடுங்கை, தாழ்வாரம், மாடக்குழி, தட்டோடு, காரை, சாந்து, சாரம், முட்டு, தூக்குக்குண்டு, மூலைமட்டம், மட்டப்பலகை என்று அவர் வாயில் வழங்கிய சொற்களைத் திரட்டினாலே ஓர் அகரமுதலிக்கு அடித்தளமாகும். பனைமரச் சட்டங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்து ஒட்டும் மேற்றளத்துக்குக் கட்டைக்குத்து என்று பெயர். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரை அச்சாந்தில் கலப்பர். மதுரை வெயிலை அத்தளம் தாங்கியது போல இன்றைய கற்காரைத் தளம் தாங்குவதில்லை என்பதை மாடியில் குடியிருப்போர் அனைவரும் பங்குனி சித்திரையில் உணர்கின்றனர். கல்லூரியில் இதே தளத்துக்கு 'மெட்ராசு டெரசு' என்று பெயர் கற்பித்து ஆங்கில நூலில் இருந்து பாடம் நடத்துகின்றனர். தம் பாட்டன் கட்டிய தளத்தைப் பேரன் வெள்ளைக்காரன் வைத்த பெயரில் கற்கின்றான்.

அச்சொற்களும் இன்று உதிர்ந்து வருகின்றன. வேலைக்களத்தில் இப்போது கேட்பவை லிண்டல், பீம், சென்டரிங், சன்சேடு, பேசுமெண்டு. தூணைக் கூடக் 'காலம்' என்கின்றனர். 'காலம் நிறுத்தியாச்சு, பீம் போடணும்' என்று கொத்தனார் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தூணுக்குத் தமிழில் 'கால்' என்றே ஒரு பெயர் உண்டு. 1569-ஐ ஒட்டி அரியநாதர் கட்டிய, 985 தூண்கள் உடைய மண்டபத்தை மதுரை மக்கள் ஆயிரங்கால் மண்டபம் என்றுதானே அழைக்கின்றனர்? அதே ஊரில் கால் மறைந்து 'காலம்' வந்து குந்தியிருக்கின்றது. இதற்குக் கொத்தனாரைக் குறை கூறுவது முறையன்று. மேலே வரைபவர் எச்சொல்லை எழுதுகின்றாரோ அச்சொல்லைக் கீழே கட்டுபவர் பேசுகின்றார்.

ஒரு காலத்தில் கட்டுபவரின் பெயர் தெருவுக்கே சூட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாவட்ட ஆட்சியர் பிளாக்குபர்ன் மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து நகரை விரித்தபோது, நிலம் அளந்தவர் மாரட்டு. வேலையை நடத்தியவர் பெருமாள் மேத்திரி. இருவர் பெயரிலும் தெருக்கள் இன்றும் உள்ளன. வெள்ளைக்கார ஆட்சியே ஒரு கொத்துவேலை மேற்பார்வையாளரை அளவு நூலாருக்கு இணையாக வைத்துத் தெருப்பெயர் தந்தது. தன்னாட்சி பெற்ற தமிழ்நாட்டில் அத்தகையவரின் கொள்ளுப்பேரன் கட்டடக்கலைக் கல்லூரிக்குள் கால்வைக்க ஆங்கிலத்தையோ இந்தியையோ அண்டி நிற்க வேண்டியிருக்கின்றது.

சப்பானியர் என்ன செய்தனர் என்பதைப் பார்ப்பது பயன் தரும். 1877-இல் அந்நாட்டரசு, சோசையா காண்டர் என்னும் ஆங்கில இளைஞரை அழைத்து வந்து தோக்கியோவில் கட்டடக்கலை கற்பிக்க வைத்தது. அவர் ஆங்கிலத்திற் கற்பித்தார். 1879-இல் நால்வர் தேறினர். அவர்களுள் ஒருவரான தத்துசுனோ கிங்கோ இங்கிலாந்து சென்று மேற்பயிற்சி பெற்று மீண்டு, 1884-இல் காண்டரின் இடத்தில் தாமே ஆசிரியராய் அமர்ந்தார். ஏழே ஆண்டில் அயலார் ஆசிரியப் பதவி முடிந்தது. பின்னர் 1914-இல் திறக்கப்பட்ட தோக்கியோத் தொடர்வண்டி நிலையத்தை வரைந்தவரும் அவரே. அதைவிட வியப்பானது மற்றொன்று. 'வீடு கட்டுதல்' என்னும் பொருளில் தம் நாட்டில் வழங்கிய பழஞ்சொல் இக்கலையின் பெருமைக்குப் போதாது என்று இத்தோ சூத்தா என்னும் இளைஞர் 1894-இல் கட்டுரை எழுதிப் போரிட்டார். 1897-இல் அந்நாட்டுக் கட்டடக்கலைக் கழகமே தன் பெயரை அவர் சொன்ன 'கென்சிக்கு' என்னும் சொல்லுக்கு மாற்றிக்கொண்டது. ஒரு சொல்லுக்காக ஒரு துறையே கூடிப் பேசியது! சொல்லாராய்ச்சி வெறும் புலவர் வேலை என்று எள்ளுவோர் இதனைக் கருதட்டும். அந்நாட்டில் இன்றுவரை கட்டடக்கலை அவர்தம் மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றது. அவர்கள் கட்டிய கட்டடங்கள் நிலநடுக்கத்தில் விழுந்துவிடவுமில்லை.

தமிழரும் இவ்வழியில் ஓரடி வைத்தவரே. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860-களில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்தி, உடற்கூறு நூல் முதலாகப் பலவற்றைத் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு அன்று இயன்றது, இன்று பல்கலைக்கழகங்களை வைத்திருக்கும் அரசுக்கு இயலவில்லை. 1960-இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பட்டவகுப்புத் தமிழில் தொடங்கியதும், 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் தொடங்கியதும் பாராட்டத் தக்கவையே. ஆனால் 2023 மே திங்களில் அப்பல்கலைக்கழகம் உறுப்புக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழி வகுப்புகளை மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பெழுந்த பின்னரே அவ்வறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது. சேர்வோர் குறைவு என்பது சொல்லப்பட்ட கரணியம். நூல் அணியமாக்காமல், தமிழில் கற்பிக்க ஆசிரியரைப் பயிற்றாமல், படித்தவர்க்கு வேலை வழி காட்டாமல், தண்ணீர் ஊற்றாத செடி வாடிவிட்டது என்று பறித்தெறிய முற்படுவது தோட்டக்காரன் வேலையன்று.

எதிர்ப்பார் கூறுவனவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துரைப்பது தகும். கட்டடக்கலை நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் கற்றவன் வெளிநாடு சென்று மேற்பட்டம் பெறுவது எங்ஙனம் என்கின்றனர். தமிழில் கற்பிக்கச் சொல்வோர் ஆங்கிலம் கற்க வேண்டா என்று சொல்லவில்லை. ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக ஐந்தாண்டும் செம்மையாகக் கற்பித்தால் மாணவன் எந்நூலையும் படிப்பான். சப்பானியரும் செருமானியரும் அவ்வாறே படிக்கின்றனர். இன்று நிகழ்வதோ ஆங்கிலத்தை மொழியாகவும் கற்பிக்காமல், கலையையும் விளங்க வைக்காமல் இரண்டையும் கெடுப்பது. இன்னொன்று: மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் எழும் வீடுகளுள் எத்தனை, பட்டம் பெற்ற கட்டடக்கலைஞர் வரைந்தவை? பெரும்பாலான வீடுகளைக் கொத்தனாரும் வீட்டுக்காரரும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டே முடிவு செய்கின்றனர். வெளிநாடு செல்லும் பத்துப் பேருக்காகக் கல்வியை வகுத்து, உள்நாட்டில் குடியிருக்கப்போகும் நூறாயிரம் பேரின் வீட்டை வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் விட்டுவிடுவது எவ்வகைத் திட்டம்?

தமிழரின் கட்டடம் தமிழரின் உயிரோடு ஒட்டியது என்பதைப் பகைவர் அறிந்திருக்கின்றனர். யாழ்ப்பாணப் பொது நூலகம் சென்னைக் கட்டடக்கலைஞர் ஒருவரால் தமிழர் மரபு தோன்ற வரையப்பட்டு 1959-இல் திறக்கப்பட்டது. 1981-இல் அதனைத் தேடி வந்து எரித்தனர்.

அதே 1981-இல், சனவரித் திங்களில், மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் நோயுற்று, கோரிப்பாளையத்தை அடுத்துள்ள அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருக்கென 1974-இல் அரசு அமைத்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் தனி இயக்ககமாய் இயங்குகின்றது; 'சொற்குவை' என்னும் பெயரில் கலைச்சொற்களையும் திரட்டுகின்றது. அவ்வியக்ககம் செய்யத்தக்க முதல் வேலை கட்டடக்கலைச் சொற்களுக்கெனத் தனித் தொகுதி. அதனை அறைக்குள் அமர்ந்து ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் படைக்கும் வேலையாகச் செய்யாமல், கோரிப்பாளையம், செல்லூர், திருப்பரங்குன்றம், மேலூர்ப் பக்கங்களில் முதிய கொத்தனார்களையும் தச்சர்களையும் கற்றச்சர்களையும் நேரிற் கண்டு, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களிற் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். வேலையை ஒத்திப்போட நாளில்லை.

அதனோடு ஒருங்கே நடக்க வேண்டியவை சில. திறனறி தேர்வின் வினாக்கள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டரசு கட்டடக்கலை மன்றத்துக்கு எழுத்து வழி அறிவித்து, மறுத்தால் வழக்கு மன்றம் செல்ல வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் அரசின் கையில் உள்ளது; அதன் கட்டடக்கலைப் பள்ளியில் ஒரு பிரிவைத் தமிழ்வழிப் பிரிவாகத் தொடங்க ஆட்சிக் குழு முடிவெடுத்தால் போதும். மதுரையிலும் இக்கல்வி உண்டு. திருப்பரங்குன்றத்துத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் கட்டடக்கலைத் துறை இருக்கின்றது. ஆய்வுத் திட்ட நேர்காணலில் மாணவன் விரும்பினால் தமிழில் விடை சொல்லலாம் என்று ஒரு சுற்றறிக்கை விடுப்பதற்குப் பணம் கூடத் தேவையில்லை. மாமல்லபுரக் கல்லூரி ஆசிரியர்களை ஆண்டுக்கு ஒரு பருவமேனும் பிற கட்டடக்கலைக் கல்லூரிகளுக்கு அழைத்துப் பாடம் நடத்தச் செய்யலாம்.

மாநகராட்சிக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது 1956-இல். வீடு கட்டும் இசைவுக்கு வரும் வரைபடங்களில் அறைப்பெயர்களும் அளவுக் குறிப்புகளும் தமிழிலும் எழுதப்பட்டிருந்தாலன்றி அவை ஏற்கப்படா என்று மதுரை மாநகராட்சி ஒரு தீர்மானம் நிறைவேற்றட்டும். 'பெட் ரூம்' என்னும் இடத்தில் படுக்கையறை என்றும், 'காலம்' என்னும் இடத்தில் கால் என்றும் எழுதப்பட்ட படத்தைக் கொத்தனார் தம் கையில் வாங்கித் தாமே படித்து, கயிறு பிடிக்கத் தொடங்குவார். மேற்பார்வையாளரை எதிர்பார்த்து வேலையை நிறுத்திவைக்க வேண்டியிராது.